யானைக்கு வார்த்த குண்டு

எதைக் கொடுத்தாலும் இஞ்சின்காரர் முதலில் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். கொய்யாப்பழமானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி. கனமாக இருந்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று, பெற்றவர்கள் பிள்ளையை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "ஆறே முக்கா ராத்தலு. பய நின்னுடுவான்" என்பார். பிறகு நான் ஆஸ்பத்திரித் தராசில் போட்டுப் பார்த்தால் ஆறே முக்கால்தான் காட்டும். எனக்கு அதில் தீராத எரிச்சல். சம்பளம் வாங்கிக்கொண்டு நிறுக்கிறவன் நான். பேர் வாங்குகிறவர் அவர்.

ஈப்போவுக்கு வடக்கே, காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே டிரஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் நான்தான். கையாலேயே எடை சொல்கிற அவர் ரப்பர் ஆலையில் இஞ்சின் ஓட்டுகிறவர். இஞ்சின்காரர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன்.

இவ்வளவு கனம் பேசுகிற மனிதர் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அகத்திக்கீரைத் தண்டு மாதிரி இருப்பார். காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் மனைவியோ நல்ல வாட்டசாட்டம். "எனக்கு ரெண்டு பொண்ணு காட்டினாங்க தம்பி. நான்தான் லேசாப் போயிட்டேன், வீட்டுல ஒருத்தராவது கனமா இருக்க வேணாமா?" என்று சொல்லிச் சிரிப்பார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பார்: "தூக்கிப் பாக்க முடியல. தோத்துப் போய்க் கட்டிக்கிட்டாரு, கேட்டுக்க."

பழைய துரை வேட்டைக்குப் போகும்போதெல்லாம் துப்பாக்கி சுமக்கவும் தோட்டா எடுத்துக் கொடுக்கவும் இவரைத்தான் கூட்டிப் போவார். துரையிடம் அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போடலாம். அடியில் இருக்கும் பிடியைக் கீழே இழுத்தால் வாயைத் திறக்கும், தோட்டாவை வைத்து மூட வேண்டும். தூக்கினால் தோள் இறங்கிவிடும். அந்தத் துப்பாக்கியில்தான் இவர் தன் வேதாந்தத்தைக் கற்றுக்கொண்டார்.

"லேசான குண்டு வேகமாப் போவும் தம்பி. ஆனா வழியில ஒரு சுள்ளி குறுக்க வந்தா, அதுகூட நின்னு பேசிட்டு வேற பக்கம் போயிடும். கனமானது மெதுவாத்தான் போவும். ஆனா சொன்ன எடத்துக்குப் போவும்."

இதை அவர் துப்பாக்கிக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மனிதர்களுக்கும் சொல்வார். அரிசி வந்துவிடும், நாளைக்கே வந்துவிடும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த கங்காணிக்கு 'மான் தோட்டா' என்று பெயர் வைத்தார். மான் சுடுகிற லேசான தோட்டா, பெரிய மிருகத்தின் எலும்பில் பட்டால் அங்கேயே படுத்துவிடும் என்பது பொருள். நான் கொஞ்சம் வேகமாகப் பேசுகிறவன் என்பதால் அந்தப் பட்டம் எனக்கும் வந்தது.

போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்த பிறகு ஒரு சின்னத் துரை புதுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, குண்டு எத்தனை வேகம் போகும் தெரியுமா என்று பெருமையடித்தார். இவர் தோட்டாவைக் கையில் வாங்கி இரண்டு முறை ஆட்டிவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அந்தத் துப்பாக்கியால் சுடப்பட்ட காட்டுப்பன்றி, துரையின் நாயையும் துரத்திவிட்டுக் காட்டுக்குள் போனது. மூன்று நாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரிந்ததில் இஞ்சின்காரருக்கு விலாவலி வந்து, நான் தைலம் தேய்த்தேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஜப்பான்காலத்துக் கதை. துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, ஆலை நின்றுவிட்டது. என் அலமாரியில் மருந்து தீர்ந்து பாட்டில்கள் மட்டும் வரிசையாக நின்றன. மருந்தில்லாத டிரஸ்ஸரும் இஞ்சினில்லாத இஞ்சின்காரரும் வேறென்ன செய்வோம்? ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அவர் கண்ணெல்லாம் என் மருந்துத் தராசின் மேலேயே இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தராசு அது. படிக்கற்களைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

ஒருநாள் அந்தப் படிக்கற்களின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரெயின் என்பதுதான் ஆகச் சின்ன எடை, நானூற்றெண்பது கிரெயின் சேர்ந்தால் ஒரு மருந்து அவுன்ஸ் என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தொர பெரிய தோட்டாவுக்குச் சொல்ற கணக்கும் நானூத்தி எம்பதுதான் தம்பி! அதே கிரெயினுதான்!" என்று குதித்தார். ஏதோ என் தராசுக்கும் அவர் துப்பாக்கிக்கும் சம்பந்தம் பேசி முடித்தது போல அன்று முழுக்க அவருக்கு ஆனந்தம்.

அந்த ஆனந்தத்துக்கு வேலை வந்தது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு இரண்டு காட்டில் மரவள்ளி போட்டிருந்தோம். எண்பது வீட்டுக்கும் அதுதான் சோறு. கிழங்கு முற்றுகிற நேரத்தில் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று வர ஆரம்பித்தது. தகரம் தட்டினோம், தீப்பந்தம் காட்டினோம். அது எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. டவுனிலிருந்து ஜப்பான் சிப்பாய்கள் வந்து தூரத்தில் நின்றபடி படபடவென்று சுட்டார்கள். யானை பிளிறிக்கொண்டு ஓடியது. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது தோளில் சீழ் வடிந்தது. தண்ணீர்த் தொட்டியை உடைத்துவிட்டுப் போனது.

பிறகு ஆபீசரே வந்தார். சின்ன வயசு, பெரிய வாள். மலாயில் நாலு வார்த்தை தெரியும். இஞ்சின்காரர் துரையோடு வேட்டைக்குப் போனவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருந்த துரையின் பழைய துப்பாக்கியையும், அதோடு கிடைத்த ஐந்து தோட்டாவையும் மேஜைமேல் வைத்தார். ஏழு நாளைக்குள் யானை விழவேண்டும். விழாவிட்டால் மரவள்ளிக் காட்டைக் காக்கத் தெரியாத ஆட்கள் தோட்டத்துக்கு எதற்கு, பன்னிரண்டு பேர் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போகட்டும் என்றார். கையில் பட்டியல் தயாராக இருந்தது. சயாமுக்குப் போன யாரும் அதுவரை திரும்பி வரவில்லை. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. மருந்தில்லாத டிரஸ்ஸரைவிடச் சும்மா சாப்பிடுகிறவன் யார்?

ஆபீசர் போனதும் இஞ்சின்காரர் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையில் ஆட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாம் மான் தோட்டா" என்றார்.

"இருக்கறத வச்சுச் சுட்டுப் பாருங்கண்ணே. அஞ்சு இருக்கில்ல?" என்றேன். என் பெயர் அல்லவா முதலில் இருக்கிறது!

"யான மண்ட எலும்பு தேன்கூடு மாதிரி தம்பி. அதுக்குள்ள ஒரு மொழம் போனாத்தான் மூள. இது பாதியில படுத்துடும். ஏற்கனவே அவனுங்க லேசான குண்டால சுட்டு, அத சாவவும் விடாம வாழவும் விடாம வச்சிருக்கானுங்க. நானும் அதத்தான் செய்யறதா? கனமா வேற வார்க்கணும்."

வீட்டில் அவருக்கு இன்னொரு போர் காத்திருந்தது. அக்கா பிள்ளையார் பக்தை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த பிள்ளையாருக்கு வெள்ளிக்கு வெள்ளி இருவரும் சேர்ந்துதான் விளக்கேற்றுவார்கள்.

"ஏங்க, வெள்ளிக்கு வெள்ளி அதுக்குத் தேங்கா ஒடைச்சீங்க. இப்ப அதோட மண்டையவே ஒடைக்கப் போறீங்களா?"

"நொந்துக்கிட்டு நிக்குது புள்ள."

"நோவுதுன்னா மருந்து போடுங்க. இதோ நிக்கறாரே டிரஸ்ஸரு."

நான் அவசர வேலை இருப்பதுபோல நழுவப் பார்த்தேன். அக்கா என்னையும் சேர்த்தே சொன்னார்: "சாமியச் சுட்டுட்டு இந்த வாசலுக்கு வராதீங்க. ரெண்டு பேருந்தான்." அவருக்கும் பட்டியல் தெரியும். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுடாவிட்டால் பன்னிரண்டு பேர் போவார்கள். சுட்டால் வீட்டுக்குப் போக முடியாது. இஞ்சின்காரர் ஆலைக்குப் போய், இரண்டு இரும்புத் துண்டை எடுத்து அரம் போட ஆரம்பித்தார். நான்கு நாள் அராவினார். இரண்டையும் சேர்த்து வைத்தால் நடுவில் விரல் நீளத்துக்குக் குண்டின் வடிவம் குழியாக வந்தது. ஈயத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். மனிதர் நேராகத் தன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போனார். ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் மீன் பிடிக்கிற அவருடைய மச்சான், கூட்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ளப் பழைய வலை ஒன்று கொடுத்திருந்தார். வலை தண்ணீரில் தாழ்வதற்காக ஓரமெல்லாம் ஈயத் துண்டுகள் கோத்திருந்தன. அத்தனையையும் அறுத்து எடுத்தார். அக்காவின் கோழிகள் லயம் முழுக்கச் சுதந்திரமாகத் திரிந்தன. அக்கா சாமிக்காக ஒரு வசவும் கோழிக்காக ஒன்பது வசவும் வைதார்.

வெறும் காரீயம் மெத்தென்று இருக்குமாம். எலும்பில் பட்டால் அப்பளமாகிவிடுமாம். கெட்டிப்பட வெள்ளீயம் கலக்க வேண்டும். ஈப்போப் பக்கத்தில் வெள்ளீயத்துக்கா பஞ்சம்? ஆலையில் பற்றவைக்க வைத்திருந்த கட்டி இருந்தது. ஐந்து தோட்டாவில் இரண்டு பச்சைக் களிம்பு பிடித்து வீணாகிவிட்டதால், மீதி மூன்றின் குண்டைக் கழற்றிவிட்டுப் புதுக் குண்டைப் பொருத்துவது என்று முடிவு. ஆக மூன்றே குண்டு தேவை. அந்த மூன்றுக்கு ஐந்தாம் நாள் விடியற்காலை தொடங்கிப் பதினேழு வார்த்தார்.

வார்த்ததும் ஆறவைத்துக் கையில் ஆட்டிப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். நான் தராசின் ஒரு தட்டில் ஒரு அவுன்ஸ் கல்லையும் மறு தட்டில் குண்டையும் வைப்பேன். முள் நடுவில் நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் உருக்கு. அவருக்கு அலுப்பே கிடையாது. எனக்குக் காலையில் தின்ற ஒரு துண்டுக் கிழங்கு பத்து மணிக்கே கரைந்துவிட்டது. கழுத்து வலித்தது. இரண்டு குண்டு தேறியிருந்தது. பதினேழாவதைத் தட்டில் வைத்தேன். பளபளவென்று, மற்ற எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது. முள் ஆடிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"சரியா இருக்குண்ணே" என்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்லா."

அவர் அதை வாங்கி இன்னொரு முறை கையில் ஆட்டினார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மற்ற இரண்டோடு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை குண்டு மூன்றையும் காணோம். வீட்டில் தட்டில் வைத்திருந்தாராம். தேடிக்கொண்டு இருவரும் ஓடினால், பிள்ளையார் முன்னால் லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடி நிற்கிறார்கள். அக்கா குண்டுகளை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, கட்டியாகச் சந்தனம் பூசி, ஆளுக்கொரு குங்குமப்பொட்டு வைத்து, பிள்ளையாரின் காலடியில் அடுக்கியிருந்தார்.

"கோவிச்சுக்காத சாமி. வயித்துக்காகத்தான்" என்று கும்பிட்டுவிட்டுத் தட்டோடு அவரிடம் நீட்டினார். "இந்தாங்க. கேட்டுட்டேன். ஆனா வாசலுக்கு வரக்கூடாதுன்னு சொன்னது சொன்னதுதான்."

இஞ்சின்காரர் தட்டை இரண்டு கையாலும் பவ்யமாக வாங்கிக்கொண்டார். ஆலைக்கு வந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குண்டின் வரிப்பள்ளத்திலெல்லாம் சந்தனம் இறுகிவிட்டது. அப்படியே போட்டால் குழாயில் சிக்கும். வெந்நீரில் கழுவி, வேப்பங்குச்சியால் சுரண்டி எடுத்தோம்.

"சுரண்டினதுல எட கொறைஞ்சிருக்கும். மறுபடி நிறு தம்பி" என்றார்.

இந்த முறை அவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதல் குண்டு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதை வைத்ததும் கல் இருந்த தட்டு கீழே இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. ஏழெட்டுக் கிரெயின் குறைவு. சுரண்டினதில் அவ்வளவு போகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரம்பத்தை எடுத்து அதைக் குறுக்கே அறுத்தார். நடுவில் ஒரு பாசிப்பயறு அளவுக்கு வெற்றிடம். வார்க்கும்போது காற்று புகுந்திருக்கிறது.

"அப்பவே கை சந்தேகப்பட்டுச்சு. தராசே சொல்லிடிச்சே, நம்ம கையி என்ன பெரிய கையின்னு விட்டுட்டேன். பாக்க வழவழன்னு இருக்கேன்னு இதத்தான் மொதல்ல போடறதா இருந்தேன்" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. சயாமுக்குப் போக வேண்டிய பன்னிரண்டு பேரில் முதல் ஆளே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறான்.

அவர் அறுத்த துண்டுகளை என் முன்னால் வைத்து, "தம்பி, உண்மையச் சொல்லு. மருந்தும் இப்படித்தான் நிறுத்துக் கொடுத்தியா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கனமான ஒடம்புலா நம்ம சனத்துக்கு. அதான் பொழைச்சுக் கெடக்குது." வேறு யாராக இருந்தாலும் அறைந்திருப்பார்கள். அவர் சிரித்தது அறைந்ததைவிட வலித்தது.

மீண்டும் அடுப்பு மூட்ட அவருக்கு மனமில்லை. ரெண்டு போதும் என்றார்.

ஏழாம் நாள் பிற்பகல் யானை வந்தது. ஆபீசரும் இரண்டு சிப்பாய்களும் காத்திருந்தார்கள். சாட்சிக்கு நானும் வரவேண்டும் என்று ஆபீசர் பட்டியலைத் தட்டிக் காட்டினார். அறுபது அடி தூரத்தில் யானை மரவள்ளியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் காலில் தட்டிவிட்டு மென்றுகொண்டிருந்தது.

"தெம்பாக்!" என்றார் ஆபீசர். சுடு என்று அர்த்தம்.

"பெலும், துவான்" என்றார் இஞ்சின்காரர். இன்னும் நேரம் வரவில்லை ஐயா என்று அர்த்தம். ஜப்பான் ஆபீசரிடம் அப்படிச் சொன்ன வேறு மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆபீசர் வாளை உருவினார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செடிகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியாக முன்னால் போனார். ஐம்பதடி, நாற்பதடி. அந்த ஒல்லி உடம்பு, அந்தக் கனத்த துப்பாக்கி. முப்பதடிக்குள் போய்விட்டார். யானை பக்கவாட்டில் திரும்பியது. காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் இடம் தெரிந்தது. சுட்டார்.

இடி இடித்ததுபோல ஒரு சத்தம், கண்மறைக்கிற புகை. புகை விலகியதும் முதலில் தெரிந்தது ஆபீசர்தான். மரவள்ளிக்கு நடுவே குப்புறப் படுத்திருந்தார். துப்பாக்கி உதைத்த உதையில் இஞ்சின்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். யானை யாரையோ முதுகில் ஏற்றிக்கொள்ள மண்டியிடுவதுபோல மெல்ல முன்னங்காலை மடித்து, அப்படியே சாய்ந்தது. பிளிறவில்லை. இரண்டாவது குண்டுக்கு வேலையில்லை.

ஆபீசர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். பட்டியலை நாலாகக் கிழித்துப் போட்டார். என் பெயர் என் காலடியிலேயே விழுந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இஞ்சின்காரர் இன்னும் எழவில்லை.

"தம்பி, நீ மருந்து படிச்சவன். போயிப் பாரு. நொந்திருக்குமா?"

போனேன். என் வாழ்க்கையில் நான் ஒரு யானையின் அருகில் போனது அந்த ஒரு முறைதான். தோளில் பழைய புண்ணில் ஈ மொய்த்தது. கண் திறந்திருந்தது. வாயில் ஒரு மரவள்ளித் தண்டு, இலையோடு, பாதி கடித்தபடி அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன். மறுபக்கம் சுற்றிப் போய் இன்னொரு முறையும் பார்த்தேன்.

"மென்னுக்கிட்டே போயிருக்குண்ணே. தண்டு வாயிலயே இருக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன்ணே."

அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

லயத்திலிருந்து பெண்கள் காட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அக்கா. இன்றைக்கு இவருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்று நினைத்தேன். அக்கா யானையின் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு இவரிடம் வந்து தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க. இங்கயே குந்தியிருந்தா எப்படி? சாவு விழுந்திருக்கு. வீட்டுக்கு வந்து தலை முழுகுங்க."

அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனார். அன்று தோட்டம் முழுக்கத் தலை முழுகியது. கிணற்றடியில் வரிசை நின்றது. பறிக்க ஆளில்லாமல் கிழங்கு காட்டில் இருந்தது. குழந்தைகளுக்கு மட்டும் நேற்று அவித்து மிஞ்சியதைக் கொடுத்தார்கள். பசித்த வயிறுதான் எல்லாருக்கும்.

சாயங்காலம் ஆபீசர் சைக்கிளில் வந்தார். காடு பிழைத்தது, இறைச்சியும் மலைபோலக் கிடக்கிறது, விருந்து நடக்கும் என்று நினைத்திருப்பார். லயத்தைப் பார்த்தார். எந்த அடுப்பிலும் புகை இல்லை. ஈரத் தலையோடு எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் யாரும் சமைக்கவில்லை என்று என்னைக் கேட்டார்.

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார், துவான் என்றேன்.

எந்த வீட்டில் என்று கேட்டார்.

நான் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கையைக் காட்டினேன்.